சியோலின் சொங்கேச்சொன் ஓடை நடைபாதை: ஒரு மேயரின் வேகம் தந்ததும் விட்டுச்சென்றதும்

தென்கொரியத் தலைநகர் சியோலின் பழைய நகரப் பகுதியில், குவாங்வாமுன் பக்கம் தொடங்கிக் கிழக்கு நோக்கி ஏறத்தாழ 5.8 கிலோமீட்டர் நீளத்துக்குச் சீரமைக்கப்பட்டிருக்கும் சொங்கேச்சொன் ஓடையும் அதன் இரு கரை நடைபாதைகளும், அந்த நகர நிர்வாகம் வழங்கிவரும் ஒரு பொதுச் சேவை. நுழைவுக் கட்டணம் கிடையாது. நள்ளிரவிலும் இறங்கி நடக்கலாம். தண்ணீர் விடுவதும் சுத்தம் செய்வதும் விளக்கு எரிய வைப்பதும் நகர நிர்வாகத்தின் பொறுப்பு. படிக்கவும் வேலை பார்க்கவும் சியோல் செல்லும் தமிழர்களில் பெரும்பாலோர் வந்த முதல் வாரத்திலேயே இங்கே ஒரு மாலையைக் கழித்துவிடுகிறார்கள். ஆனால் இதைக் கண்ணுக்கு அழகான இடமாக மட்டும் பார்த்துவிட்டுத் திரும்புவது போதாது என்று நினைக்கிறேன். ஒரு பேருந்து வசதியையோ மருத்துவமனையையோ எப்படி மதிப்பிடுவோமோ அப்படி, யாருக்குப் பயன்படுகிறது, எங்கே குறைகிறது, ஏன் குறைகிறது என்று கேட்டு இதை மதிப்பிட விரும்புகிறேன். அப்படிக் கேட்கத் தொடங்கினால், 2002 முதல் 2006 வரை சியோல் மேயராக இருந்த லீ மியுங் பாக் எதற்காக இதைச் செய்தார் என்ற கேள்வியைத் தவிர்க்க முடியாது. இந்த நடைபாதையின் நிறைகளும் குறைகளும் அந்த மனிதரின் நோக்கத்திலிருந்தே பிறந்தவை என்பது என் கருத்து.

முதலில் நிறைகள். குவாங்வாமுன் சுரங்க ரயில் நிலையத்திலிருந்து சில நிமிட நடையில் சொங்கே சதுக்கம் வந்துவிடும். கிளாஸ் ஓல்டன்பர்க்கும் கூஷா வான் புருகனும் வடிவமைத்து 2006-இல் நிறுவப்பட்ட, 20 மீட்டர் உயரச் சுருள் சங்கு போன்ற சிற்பம் அங்கே அடையாளமாக நிற்கிறது. அதன் அருகே தண்ணீர் ஒரு சிறு அருவியாக விழுந்து ஓடையாகிறது. படிகளில் இறங்கி ஓடையின் மட்டத்துக்கு வந்ததும் முதலில் தெரிவது சத்தம் குறைவது. மேலே இரு பக்கமும் சாலை இருக்கிறது, வாகனங்கள் ஓடிக்கொண்டுதான் இருக்கின்றன. ஆனால் கரைச்சுவர் அந்த இரைச்சலைத் தடுத்துவிட, நீரின் சலசலப்பு முன்னால் வந்துவிடுகிறது. கோடையில் காற்றும் மாறுகிறது. ஓடையை ஒட்டிய பகுதியின் வெப்பநிலை அருகிலுள்ள சாலைகளைவிட 3 டிகிரிக்கும் மேல் குறைவாக இருப்பதாக நகர நிர்வாகத்தின் அளவீடுகள் சொல்லியிருக்கின்றன. ஜூலை மாதப் புழுக்கத்தில் அங்கே நின்ற எவருக்கும் அதை நம்புவதில் தயக்கம் இருக்காது.

முழங்காலைத் தொடாத ஆழம், கால் வைத்துக் கடக்கப் போட்ட கற்கள், உட்கார வசதியான கல் விளிம்புகள். மதிய உணவு இடைவேளையில் சட்டையும் அடையாள அட்டையுமாக வரும் அலுவலக ஊழியர்கள், கையில் காப்பிக் குவளையோடு ஒரு பாலத்திலிருந்து அடுத்த பாலம் வரை நடந்துவிட்டுத் திரும்புகிறார்கள். மாலையில் காலணிகளைக் கழற்றி வைத்துவிட்டு நீரில் கால் நனைத்தபடி மூத்தவர்கள் பேசிக்கொண்டிருக்கிறார்கள். புகைக்கவும் குடிக்கவும் தடை. அது எழுதிவைத்த அளவில் நிற்காமல் நடைமுறையிலும் பெரும்பாலும் கடைப்பிடிக்கப்படுகிறது. 2023 முதல் பருவம் பார்த்து, ஓடைக்கரையிலேயே புத்தகங்களையும் இருக்கைகளையும் பரப்பித் திறந்தவெளி நூலகம் ஒன்றையும் நடத்துகிறார்கள். ஒரு பெருநகரத்தின் நடுமையத்தில், எதையும் வாங்க வேண்டிய கட்டாயம் இல்லாமல் மணிக்கணக்கில் உட்கார்ந்திருக்க ஓர் இடம் கிடைப்பது எவ்வளவு அரிது என்று, வேறு பெருநகரங்களில் வாழ்ந்தவர்களுக்குத் தெரியும். இந்த ஒரு காரணத்துக்காகவே இந்தச் சேவைக்கு என் மதிப்பு மிக உயர்ந்தது.

இந்த இடம் 2003-இல் எப்படி இருந்தது என்பதைச் சொல்லாமல் அந்த மேயரைப் புரிந்துகொள்ள முடியாது. ஜோசன் அரச மரபு ஹன்யாங்கை (இன்றைய சியோல்) தலைநகராக்கிய காலத்திலிருந்தே இந்த ஓடை நகரத்தின் வடிகாலாக இருந்தது. மன்னர்கள் அதை வெட்டி அகலப்படுத்தினார்கள். 1760-இல் யோங்ஜோ மன்னர் சுமார் 2 லட்சம் பேரைக் கொண்டு தூர்வாரினார். கொரியப் போருக்குப் பின் ஊரிழந்து வந்தவர்கள் கரையோரம் மரக்குடிசைகள் போட்டார்கள், ஓடை சாக்கடையானது. 1958 முதல் அதன் மேல் கான்கிரீட் மூடி போட்டுச் சாலையாக்கினார்கள். பிறகு அந்தச் சாலைக்கும் மேலே தூண்கள் எழுப்பி 1970-களின் தொடக்கத்தில் உயர்மட்ட விரைவுச் சாலை கட்டி முடித்தார்கள். அந்தக் காலத்தில் அது வளர்ச்சியின் சின்னம். தினமும் மேலும் கீழுமாக ஒரு லட்சத்து அறுபதாயிரத்துக்கும் மேற்பட்ட வாகனங்கள் ஓடிய அந்தக் கட்டமைப்பு, முப்பது ஆண்டுகளில் துருவும் விரிசலுமாகிப் பாதுகாப்பற்றதாகிவிட்டது. பெரும் பணம் செலவழித்துப் பழுதுபார்ப்பதா, இடித்துவிடுவதா என்ற கேள்வி எழுந்தபோது, இடித்து ஓடையைத் திறப்பேன் என்று சொல்லி 2002 தேர்தலில் நின்றவர் லீ.

யார் இவர் என்பதில்தான் இந்தக் கதையின் சுவை இருக்கிறது. 1941-இல் ஜப்பானின் ஒசாகாவில் பிறந்து, கொரியாவின் போஹாங் நகரில் கடும் வறுமையில் வளர்ந்தவர். சிறுவயதில் தெருவில் தின்பண்டம் விற்றவர். கல்லூரிக் கட்டணத்துக்காக இதேவொன் சந்தையில் விடியற்காலையில் குப்பை அள்ளியவர். 1964-இல் ஜப்பானுடனான உறவைச் சீராக்கும் உடன்பாட்டுக்கு எதிரான மாணவர் போராட்டத்தில் சிறை சென்றவர். 1965-இல் ஹூண்டாய் கட்டுமான நிறுவனத்தில் சேர்ந்து, முப்பத்தைந்தை ஒட்டிய வயதிலேயே அதன் தலைமைப் பொறுப்புக்கு உயர்ந்தவர். நம் ஸ்ரீபெரும்புதூர் பக்கத்தில் கார் ஆலை வைத்த ஹூண்டாயின் அன்றைய குழுமத்தில் முதன்மையான நிறுவனம் அது. பின்னாளில் தான் இடித்த அந்த உயர்மட்டச் சாலையின் கட்டுமானத்தில் அவர் பணியாற்றிய நிறுவனத்துக்கும் பங்கு இருந்தது. 'புல்டோசர்' என்பது அவருக்கு நண்பர்களும் எதிரிகளும் சேர்ந்தே வைத்த பட்டப்பெயர்.

இப்படிப்பட்ட ஒருவர் பொதுவாழ்வுக்கு வந்து, வாழ்நாள் முழுவதும் ஊற்றிய கான்கிரீட்டை உடைக்கத் துணிந்தது எதனால்? அவருடைய ஆதரவாளர்கள் அவருடைய இளமையைக் காட்டினார்கள். சந்தையில் குப்பை அள்ளிப் படித்தவர், மேயர் ஆனதும் தன் சம்பளத்தைத் துப்புரவுப் பணியாளர்கள், தீயணைப்பு வீரர்கள் ஆகியோரின் குடும்பங்களுக்காக நன்கொடையாகக் கொடுத்தார். நகரம் தனக்குக் கொடுத்ததைத் திருப்பிக் கொடுக்கிறார் என்பது அவர்கள் வாதம். அவருடைய எதிர்ப்பாளர்கள் நாள்காட்டியைக் காட்டினார்கள். அந்த நாள்காட்டி உண்மையிலேயே பார்க்க வேண்டிய ஒன்று. 2002 ஜூலை 1 அன்று பதவியேற்றார். சரியாக ஓராண்டு கழித்து, 2003 ஜூலை 1 அன்று இடிப்பு வேலை தொடங்கியது. அதற்கு அடுத்த ஆண்டு, 2004 ஜூலை 1 அன்று நகரத்தின் பேருந்து அமைப்பு முழுவதும் ஒரே நாளில் மாற்றப்பட்டது. 2005 அக்டோபர் 1 அன்று ஓடை திறக்கப்பட்டது. 2006 ஜூன் 30 அன்று பதவிக்காலம் முடிந்தது. 2007 டிசம்பரில் அவர் நாட்டின் அதிபராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். பதவிக்காலத்துக்குள் முடித்து, மக்கள் கண்ணால் பார்த்து, அதை நினைவில் வைத்திருக்கும்போதே அடுத்த தேர்தல் வர வேண்டும் என்ற கணக்கு இந்தத் தேதிகளில் ஒளிவுமறைவின்றித் தெரிகிறது.

என்னைக் கேட்டால் இரண்டுமே உண்மைதான் என்பேன். தொண்டு மனமும் பதவி ஆசையும் ஒரே மனிதரிடம் இருக்கவே முடியாது என்று நினைப்பவர்கள் எந்த நகராட்சியையும் அருகிலிருந்து பார்த்திருக்க மாட்டார்கள். ஆசையே இல்லாத மேயர் இந்த வேலையைத் தொட்டிருக்கவே மாட்டார் என்றுகூடத் தோன்றுகிறது. தினமும் லட்சத்துக்கு மேற்பட்ட வாகனங்கள் ஓடும் சாலையை நகரின் மையத்தில் இடிப்பதற்கு, நிபுணர் குழு அறிக்கை போதாது. தோற்றால் அரசியல் வாழ்வே முடிந்துவிடும் என்று தெரிந்தும் இறங்கும் ஒருவர் வேண்டும். அந்த வகையில் அவருடைய பேராசை நகரத்துக்குப் பயன்பட்டது. ஆனால் அந்தப் பேராசை எதைப் பார்க்கவில்லையோ, அது இன்றும் நடைபாதையில் குறையாக நிற்கிறது.

அவர் நன்றாகச் செய்த வேலையை முழு மனத்தோடு பாராட்ட வேண்டும். இடிப்பு, தூய்மைப்படுத்தல், கரை அமைத்தல், இருபதுக்கும் மேற்பட்ட பாலங்கள், எல்லாம் 27 மாதங்களில் முடிந்தன. செலவு சுமார் 38,000 கோடி வோன். நகரமே நின்றுவிடும் என்று பயமுறுத்திய போக்குவரத்து நெரிசல் வரவில்லை. வாகனங்கள் வேறு சாலைக்கு மாறியது ஒரு பகுதி. இன்னொரு பகுதியினர் காரை விட்டுவிட்டுச் சுரங்க ரயிலிலும் பேருந்திலும் ஏறினார்கள். ஓடைக்கு இணையாக இரண்டு சுரங்க ரயில் தடங்கள் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்தது இதற்குக் கைகொடுத்தது. பேருந்துச் சீர்திருத்தம் அதற்குத் துணையாக வந்தது: சாலையின் நடுவில் பேருந்துக்கென்றே தனித் தடம், நீலம், பச்சை, சிவப்பு, மஞ்சள் என வழித்தட வகைக்கு ஒரு நிறம், ரயிலுக்கும் பேருந்துக்கும் ஒரே அட்டையில் தூரத்துக்கேற்ற கட்டணம். தொடக்க நாட்களில் அட்டைக் கருவிகள் பழுதாகிப் பயணிகள் தவித்தபோது மேயர் வெளிப்படையாக மன்னிப்புக் கேட்டார். அந்த மாற்றத்தின் பயனை இன்று சியோலில் பேருந்து ஏறும் ஒவ்வொருவரும் அனுபவிக்கிறார்கள். ஓடை அழகாகத் தெரிவதற்கு, கண்ணில் படாத இந்தப் பேருந்து வேலை பெரிதும் காரணம் என்பதைச் சுற்றுலாக் கையேடுகள் சொல்வதில்லை.

சாலையோரத்தில் 60,000-க்கும் மேற்பட்ட கடைகள் இருந்தன. இரும்புச் சாமான், மின்விளக்கு, துணி, பழைய பொருள் என்று ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு வியாபாரம். வேலை நடக்கும்போது வியாபாரம் படுத்துவிடும் என்று அவர்கள் எதிர்த்தார்கள். நகர அதிகாரிகள் நாலாயிரத்துக்கும் மேற்பட்ட முறை வியாபாரிகளைச் சந்தித்ததாக நிர்வாகம் கணக்குச் சொல்லியது. இந்தப் பொறுமையைக் குறைத்து மதிப்பிட மாட்டேன். கடை வைத்திருந்தவர்கள் பெருமளவு பேசித் தீர்த்துக்கொண்டார்கள், இடமாற விரும்பியவர்களுக்கு நகரின் தென்கிழக்கே கார்டன் ஃபைவ் என்ற பெரும் வணிக வளாகம் உறுதியளிக்கப்பட்டது. அது 2010-இல்தான் திறந்தது. பழைய வாடிக்கையாளர்களிடமிருந்து தொலைவு, கடைக்குச் சொன்ன விலை, இரண்டும் சேர்ந்து எதிர்பார்த்த அளவு பேர் அங்கே போகவில்லை.

கடையே இல்லாதவர்களின் நிலை இதைவிடக் கடினமானது. சுமார் 1,500 தெருவோர வியாபாரிகள் அந்த உயர்மட்டச் சாலையின் நிழலில் பிழைத்து வந்தவர்கள். அவர்களில் ஒரு பகுதியினருக்கு டொங்டேமுன் விளையாட்டரங்கத்துக்குள் இடம் கொடுத்தார்கள். சில ஆண்டுகளிலேயே அடுத்த மேயரின் காலத்தில் அந்த அரங்கமும் இடிக்கப்பட்டு, அங்கே இப்போது ஜாஹா ஹதீத் வடிவமைத்த, 2014-இல் திறக்கப்பட்ட பளபளப்பான வடிவமைப்பு மையம் நிற்கிறது. வியாபாரிகள் மீண்டும் மூட்டை கட்டிக்கொண்டு சின்சொல் பக்கம் அமைத்த சந்தைக்குப் போனார்கள். ஒரு மேயரின் புதுப்பித்தலுக்காக ஒருமுறையும், அடுத்த மேயரின் புதுப்பித்தலுக்காக இன்னொரு முறையும் இடம்பெயர்ந்த மனிதர்கள் இவர்கள். நடைபாதையில் இவர்களைப் பற்றிப் போகிறவர் கண்ணில் படும்படி ஒரு பலகைகூட நான் காணவில்லை. இந்தச் சேவையின் மீது எனக்குள்ள மிகப்பெரிய மனக்குறை இதுதான்.

அடுத்தது பழஞ்சின்னங்கள். சதுக்கத்திலிருந்து சற்றுத் தூரம் நடந்தால் குவாங்தொங் பாலம் வரும். அவசரப்படாமல் அதன் அடியில் நின்று, ஓரச் சுவரில் பதித்திருக்கும் பெரிய கற்களைப் பாருங்கள். மேகச் சுருள்களும் தெய்வ உருவங்களும் நுணுக்கமாகச் செதுக்கிய கற்கள். அவற்றில் சில தலைகீழாக இருப்பது உற்றுப் பார்த்தால் தெரியும். தேஜோங் மன்னர் தன் மாற்றாந்தாயான சின்டொக் அரசியின் கல்லறையிலிருந்து எடுத்து, 1410-இல் இந்தப் பாலத்தில் பதிக்கச் செய்த கற்கள் அவை. அரியணைப் போட்டியில் பிறந்த பகை, மக்கள் காலால் மிதிபடும் பாலத்தின் அடியில் கல்லாகக் கிடக்கிறது. நகரச் சீரமைப்புக்கும் ஆட்சியாளரின் உள்நோக்கத்துக்கும் உள்ள உறவை இதைவிட அருகில் காட்டும் இடம் உலகில் அதிகம் இருக்காது. அறுநூறு ஆண்டுகள் கழித்து, ஓடையைத் திறந்தபோது அந்தப் பாலத்தை மீட்டெடுத்தார்கள், மகிழ்ச்சி. ஆனால் அது பழைய இடத்தில் இல்லை. சாலைப் போக்குவரத்துக்கு இடையூறாக இருக்கும் என்று சுமார் 150 மீட்டர் மேற்கே தள்ளி வைத்துவிட்டார்கள்.

சுபியோ பாலத்தின் கதை இன்னும் வருத்தமானது. 1420-இல் கட்டி, பின்னர் நீர்மட்டம் அளக்கும் தூண் நிறுத்திய அந்தப் பாலத்தை, ஓடையை மூடியபோது கழற்றி எடுத்து வைத்தார்கள். இன்றும் அது ஜாங்சுங்தான் பூங்காவில் இருக்கிறது. ஓடை திறந்தபின் அதைத் திரும்பக் கொண்டுவந்திருக்க வேண்டும் அல்லவா? புதிய ஓடையின் அகலம் பழைய பாலத்தின் நீளத்துக்குப் பொருந்தவில்லை. இரு பக்கமும் சாலைத் தடங்களை விட்டுவைக்க வேண்டியிருந்ததால் ஓடை ஒடுங்கிவிட்டது. பழைய இடத்தில் எளிய மரப்பாலம் ஒன்று நிற்கிறது. தோண்டும்போது கிடைத்த அடித்தளங்களைப் பொறுமையாக ஆராயுங்கள், வேலையை நிறுத்துங்கள் என்று வரலாற்றாளர்களும் மக்கள் அமைப்புகளும் கேட்டார்கள். ஆராய நேரம் கொடுத்திருந்தால் 2005 அக்டோபர் தவறியிருக்கும். தொடக்கத்தில் திட்டத்துக்கு ஊக்கம் கொடுத்த, அந்நாட்டின் பெரிதும் மதிக்கப்பட்ட நாவலாசிரியர் ஒருவரே பின்னர் இந்த அவசரத்தைக் கண்டு மனம் நொந்து எழுதினார். 2012-இல் அப்போதைய மேயர் பார்க் வொன் சூன் இந்தக் குறைகளைத் திருத்துவதற்கென்றே மக்கள் குழு ஒன்றை அமைத்தார். அதன் பிறகும் பாலம் பூங்காவில்தான் இருக்கிறது.

தண்ணீரைப் பற்றியும் நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும். இது மலையிலிருந்து தானாக இறங்கும் ஓடை அல்ல. பழைய கிளையோடைகள் எல்லாம் இன்னும் சாலைகளுக்கு அடியில் மூடிக் கிடக்கின்றன. ஹான் ஆற்றிலிருந்து குழாய் வழியே ஏற்றிய நீரும், சுரங்க ரயில் நிலையங்களில் ஊறும் நிலத்தடி நீரும் சேர்ந்து, நாளொன்றுக்குச் சுமார் 1,20,000 டன் விடப்படுகிறது. மோட்டார் நின்றால் ஓடையின் ஓட்டமும் பெரிதும் நின்றுவிடும். 'நீளமான செயற்கை நீரூற்று' என்று சுற்றுச்சூழல் ஆர்வலர்கள் குறை சொன்னதில் நியாயம் இருக்கிறது. ஆயினும், ஓடையின் கீழ்ப்பகுதியில் நாணல் புதர்களுக்கு நடுவே அசையாமல் நின்று மீனுக்குக் காத்திருக்கும் கொக்கைப் பார்த்தபோது, அந்தக் குறைக்காக மூடியே வைத்திருந்திருக்கலாம் என்று எனக்குத் தோன்றவில்லை. கிளையோடைகளையும் சேர்த்து மீட்பதுதான் உண்மையான மீட்பு. அதற்குப் பதினைந்து இருபது ஆண்டுகள் ஆகும், எந்த மேயரின் பதவிக்காலத்திலும் அடங்காது.

இனி, போகிறவர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய நடைமுறைக் குறைகள். கரைச்சுவர்களின் அடியில் வரிசையாகக் கதவுகள் இருப்பதைக் காணலாம். பலத்த மழை பெய்தால் பக்கத்துத் தெருக்களின் மழைநீரும் கழிவுநீரும் கலந்து அவற்றின் வழியே ஓடைக்குள் பாயும். அதனால் மழை வலுத்தவுடன் நடைபாதையை மூடிவிடுகிறார்கள், எச்சரிக்கை ஒலித்தால் தாமதிக்காமல் மேலே ஏறிவிட வேண்டும். நீர்மட்டம் சில நிமிடங்களிலேயே உயர்ந்துவிடும். பெருவெள்ளத்தைத் தாங்கும்படி ஆழமாகத் திட்டமிட்ட கால்வாய் என்பதால் ஊருக்கு ஆபத்து குறைவு, உள்ளே நிற்பவருக்குத்தான் ஆபத்து. கழிப்பறைக்கு மேலே ஏறி அருகிலுள்ள கட்டடங்களைத் தேட வேண்டும். கோடை நண்பகலில் பாலங்களின் அடியைத் தவிர நிழல் குறைவு.

சக்கர நாற்காலியில் வருவோருக்கும், முழங்கால் வலியோடு நடக்கும் முதியோருக்கும் இந்த இடம் இன்றும் எளிதானதல்ல. இறங்க வழிகள் பல இருந்தாலும் பெரும்பாலானவை படிகள். சரிவுப் பாதைகள் சில இடங்களில்தான் உள்ளன, ஒன்றைத் தவறவிட்டால் அடுத்ததற்கு நெடுந்தூரம் போக வேண்டும். மேலே சாலையோர நடைமேடையும் பல இடங்களில் குறுகலாக இருக்கிறது, அதிலும் பாதியை மரங்கள் பிடித்துக்கொள்கின்றன. 2005-இல் திறப்பு விழா நேரத்திலேயே மாற்றுத்திறனாளிகள் இதை எதிர்த்துக் குரல் கொடுத்தார்கள். இவ்வளவு பெரிய செலவில், இவ்வளவு திறமையான பொறியாளர்களைக் கொண்டு கட்டிய ஒரு பொது இடத்தில் இது மறதியால் நேர்ந்தது என்று சொல்லித் தப்ப முடியாது. திறப்பு நாளன்று படத்தில் எப்படித் தெரியும் என்று யோசித்தவர்கள், அம்மாவை அழைத்துவரும் மகள் எந்த வழியாக இறங்குவாள் என்று யோசிக்கவில்லை.

கிழக்கே நடக்க நடக்கக் கூட்டம் குறைந்து இடத்தின் குணம் மாறுகிறது. ஜொங்ஜோ மன்னர் 1795-இல் சுவோன் நகருக்குச் சென்ற ஊர்வலத்தை 5,000-க்கும் மேற்பட்ட பீங்கான் ஓடுகளில் தீட்டிய நீண்ட சுவரோவியம் நல்ல வேலைப்பாடு. அதைத் தாண்டித் துணிச் சந்தைகளின் பகுதி வரும்போது, பொதூல் பாலத்தில் சற்று நில்லுங்கள். 1970 நவம்பர் 13 அன்று, அருகிலிருந்த பியோங்வா சந்தையின் தையல் தொழிலாளியான 22 வயது ஜொன் தே இல், தொழிலாளர் சட்டத்தை மதிக்கக் கோரித் தீக்குளித்தார். அந்தப் பாலத்தின் நடுவே இடுப்பளவு தெரியும் அவர் சிலை இருக்கிறது. சுற்றிலும் தரையில் பதித்த உலோகத் தகடுகளில் தொழிற்சங்கத்தினரும் பொதுமக்களும் எழுதிய வாசகங்கள் இருக்கின்றன. உயர்மட்டச் சாலையின் தூண்கள் எழும்பிக்கொண்டிருந்த அதே ஆண்டுகளில், அதன் ஓரத்தில் உயரம் குறைந்த மாடி அறைகளில் குனிந்தபடி தைத்துக்கொண்டிருந்த சிறுமிகளுக்காகப் போராடியவர் அவர். மேயரின் நோக்கத்தில் இல்லாத இந்த நினைவை, தொழிலாளர் அமைப்புகள் கேட்டுப் பெற்று இங்கே நிறுத்தினார்கள். முழு ஓடையிலும் என்னை மிகவும் அசைத்த இடம் இது. படம் எடுக்க வருபவர்களில் பலர் இதற்கு முன்பே திரும்பிவிடுகிறார்கள்.

லீயின் பிற்காலத்தைச் சொல்லாமல் விட்டால் மதிப்பீடு முழுமையாகாது. ஓடை வேலைகள் நடந்துகொண்டிருந்தபோதே அவருடைய துணை மேயர் ஒருவர் கட்டட உயர வரம்பு தொடர்பான லஞ்ச வழக்கில் கைதானார். லீ அதிபரான சில மாதங்களில், 2008 மே மாதம், அமெரிக்க மாட்டிறைச்சி இறக்குமதிக்கு எதிராக மெழுகுவத்தி ஏந்திய மக்கள் முதன்முதலில் கூடிய இடம் அவரே உருவாக்கிய சொங்கே சதுக்கம். பதவி முடிந்தபின் லஞ்சம், கையாடல் குற்றங்களில் தண்டனை பெற்றார். 2020-இல் உச்ச நீதிமன்றம் 17 ஆண்டுச் சிறையை உறுதி செய்தது. 2022 டிசம்பரில் அவருக்குப் பொதுமன்னிப்புக் கிடைத்தது. இவற்றை வைத்து ஓடையையே வெறுக்கும் சியோல்வாசிகளும் இருக்கிறார்கள், ஓடையை வைத்து அவரை முழுதாக மன்னித்துவிடுபவர்களும் இருக்கிறார்கள். நான் இரண்டு பக்கமும் சேரவில்லை. நகரின் மையத்தில் கார்களுக்குக் கொடுத்த இடத்தை நடப்பவர்களுக்குத் திருப்பிக் கொடுக்க முடியும் என்று காட்டிய அந்தத் துணிச்சல், அவருடைய பிற்காலக் குற்றங்களால் செல்லாததாகிவிடாது. அந்தக் குற்றங்களும் ஓடையின் குளிர்ச்சியால் கழுவப்பட்டுவிடாது.

பார்க்கப் போகிறவர்களுக்கு என் பரிந்துரை இது. ஏப்ரல், மே அல்லது செப்டம்பர் கடைசி, அக்டோபர் மாதங்களில் மழையில்லாத ஒரு பிற்பகலில் சதுக்கத்தில் தொடங்குங்கள். முதல் ஒரு கிலோமீட்டரோடு திரும்பாமல், பொதூல் பாலம் தாண்டிக் கீழ்ப்பகுதி வரை நடந்து செல்லுங்கள். அங்கே பழைய உயர்மட்டச் சாலையின் தூண்களில் மூன்றை மட்டும் இடிக்காமல் விட்டுவைத்திருக்கிறார்கள். எவ்வளவு பெரிய கட்டுமானம் இந்த ஓடையின் தலைக்கு மேல் நின்றது என்பது அவற்றைப் பார்த்தால்தான் புரியும். இன்னும் சற்றுத் தூரத்தில், 2005-இல் திறந்த சொங்கேச்சொன் அருங்காட்சியகம் இருக்கிறது. அதன் எதிரே பழைய மரக்குடிசைகளின் மாதிரிகளையும் முன்பு வைத்திருந்தார்கள். பெற்றோரை அழைத்துப் போவதானால் சதுக்கத்தின் பக்கமுள்ள சரிவுப் பாதையில் இறங்கி அதே வழியில் ஏறுவது நல்லது.

நகர நிர்வாகத்திடம் கேட்க எனக்கு மூன்று கோரிக்கைகள் உண்டு. சந்தைப் பகுதியில் குறைந்தது சில பாலங்களுக்காவது மின்தூக்கி அமைக்க வேண்டும். சுபியோ பாலத்தைத் திரும்பக் கொண்டுவர, ஒரு பக்கச் சாலைத் தடத்தை விட்டுக்கொடுக்க வேண்டுமென்றால் விட்டுக்கொடுக்க வேண்டும். வாகனம் குறைந்தால் நகரம் நின்றுவிடாது என்று 2003-இலேயே நிரூபித்தவர்கள் அவர்கள்தானே. இடம்பெயர்ந்த தெருவோர வியாபாரிகள் எங்கே இருந்தார்கள், என்ன விற்றார்கள், எங்கே போனார்கள் என்பதை, அவர்கள் நின்ற இடத்திலேயே, கொரிய மொழியிலும் வருகிறவர்களின் மொழிகளிலும் எழுதி வைக்க வேண்டும். அதற்கு ஆகும் செலவு சதுக்கத்துச் சிற்பத்துக்கு ஆனதில் ஒரு சிறு பங்குகூட இருக்காது.